நான் செத்துக் கிடந்த வீடு

படம் வெளியான வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சி முழுக்கப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கதாநாயகியின் வெற்று முதுகு, அதன்மேல் ஓர் ஆணின் கை, ஓரத்தில் வட்டத்துக்குள் 'ஏ' என்ற எழுத்து. கீழ் மூலையில், தீப்பெட்டி அளவுக்கு, வெள்ளைத் துணி போர்த்திய ஒரு பிணம். அந்தப் பிணம் நான்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரில் வண்டியை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் நின்று பார்த்தேன். எனக்கு வெட்கம் கிட்கம் எதுவும் கிடையாது. இந்த ஊரில் எத்தனை பேர் போஸ்டரில் வந்திருக்கிறார்கள்? கண்ணீர் அஞ்சலி போஸ்டரைச் சேர்க்காமல்தான் கேட்கிறேன்.

நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, சாவு, எதுவானாலும் என் ஸ்பீக்கர்தான். மணலூர்பேட்டையிலிருந்து கல்வராயன் மலை வரைக்கும் நான் குழாய் கட்டாத மரம் இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் சினிமாக்காரர்கள் விசாரித்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். மலைமேல் தனியாக ஒரு ஓட்டு வீடு வேண்டும், பின்னால் பள்ளத்தாக்கு தெரிய வேண்டும் என்றார் இயக்குநர். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு விவசாயியின் வீடு எனக்கு உடனே ஞாபகம் வந்தது. சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். அவர் ஊர்த் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நான்தான் செட். நான் போய்க் கேட்டதும் மறுபேச்சு பேசவில்லை. கதையில் ஒரு கொலை நடக்கிறது, போலீஸ் வருகிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும், அதையே அவருக்கும் சொன்னேன். படம் பிடித்து முடிகிற வரை காட்டுக் கொட்டகையில் இருந்துகொள்கிறோம் என்று மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கதை இதுதான். மலையில் ஒரு மரவள்ளி வியாபாரி. அவனுக்கு அழகான மனைவி. நிலம் அளக்க வந்த இளைஞன் ஒருவனுக்கும் அவளுக்கும் பழக்கமாகிவிடுகிறது. ஒருநாள் காலையில் வியாபாரி செத்துக் கிடக்கிறான். கொன்றது யார் என்பதுதான் படம். கடைசியில்தான் விஷயம் உடைகிறது: மனைவி சோற்றில் விஷம் வைத்தாள், அவன் அது தெரிந்தேதான் சாப்பிட்டான்.

வியாபாரியாக நடிக்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். மலைப்பாதை வளைவுகளில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துவிட்டு, கீழே இறக்கிவிடுங்கள் என்று பிடிவாதமாகப் போய்விட்டார். எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது இயக்குநர் என்னையே பார்த்தார். என் மீசை அப்போது நன்றாகக் கனத்து இருக்கும், தினமும் எண்ணெய் தடவி வளர்த்தது. "அண்ணே, நீங்க பண்றீங்களா?" என்றார். நான் யோசிக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

எனக்கு இரண்டே காட்சிகள். ஒன்று, சாப்பிடுவது. சாமைச் சோற்றைப் பிசைகிறேன், நிமிர்ந்து மனைவியைப் பார்க்கிறேன், மறுபடி குனிந்து சாப்பிடுகிறேன். வசனம் கிடையாது. அதற்காக நான் எவ்வளவு யோசித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். இரண்டாவது, செத்துக் கிடப்பது.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கலை இலாகாக்காரர் என்னை வடக்கே தலை வைத்துப் படுக்கப் போட்டு, ஒரு மாலையைப் போட்டு, நாலு ஊதுவத்தியைச் சொருகிவிட்டு, ஆச்சு என்றார். பிணம் எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஏன்யா, நான் பார்த்த சாவில் பாதிகூட நீ கல்யாணம் பார்த்திருக்க மாட்டாய், இப்படியா ஒரு மனுஷனைக் கிடத்துவது என்று கத்தினேன். தலையைத் தெற்கே திருப்பச் சொன்னேன். தலைமாட்டில் விளக்கு, படி நிறைய நெல். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொன்னேன். வாய்க்கட்டு கட்டி, நெற்றியில் காசு ஒட்டவைத்தேன். அழுவதற்குத் துணை நடிகைகளை நிறுத்தியிருந்தார்கள், அவர்கள் கண்ணைக் கசக்கியதைப் பார்த்தால் வெங்காயம் நறுக்குகிற மாதிரி இருந்தது. வடக்கனந்தலில் எனக்குத் தெரிந்த ஒப்பாரிக்காரப் பெண்களுக்குப் போன் போட்டு வரவழைத்தேன். அவர்கள் தலையை விரித்துப்போட்டு மாரடித்து அழ ஆரம்பித்ததும் கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துணிக்குள் கிடந்தேன், உள்ளுக்குள் பூரித்துப்போய்.

இனி விமர்சனங்களுக்கு வருகிறேன். வாழ்க்கையில் முதல்முறையாக நான் பத்திரிகைகளைத் தேடித் தேடிப் படித்தது அந்த வாரம்தான். ஒரு வார இதழ் இந்தப் படம் பெண்ணின் ஆசையைத் துணிச்சலாகப் பேசுகிறது என்றது. இன்னொன்று பெண்ணுடம்பைக் காட்டிக் காசு பார்க்கும் படம் என்றது. இருவரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம். யூடியூபில் ஒருவர் முதல் பாதி சூடு, இரண்டாம் பாதி தூக்கம் என்று சொல்லிவிட்டு அதையே வேறு வேறு வார்த்தைகளில் இழுத்தார். தெரிந்தே ஒருத்தன் விஷச்சோறு தின்பானா, முடிவு நம்பும்படியாக இல்லை என்று மட்டும் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். மலையின் அழகைப் பாராட்டினார்கள், வீட்டைப் பாராட்டினார்கள். என்னைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை, ஒரு ஆங்கிலப் பேப்பரைத் தவிர. அதைப் போனிலேயே தமிழுக்கு மாற்றிப் படித்தேன். 'கணவனின் பிணம் மூச்சு விடுவது நன்றாகத் தெரிகிறது' என்று எழுதியிருந்தான். எனக்கு வந்ததே ஆத்திரம். அது மூச்சு இல்லை. ஜன்னல் வழியாக வந்த மலைக்காற்று துணியை ஆட்டியது. நான் மூச்சைப் பிடித்துப் பிடித்துத் தலை சுற்றிப்போய்க் கிடந்தேன், இவன் குளுகுளு அறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு இப்படி எழுதுகிறான்.

எங்கள் ஊர் ரசிகர்கள் வேறு ரகம். முதல் காட்சிக்குப் போனேன். திரையரங்கில் எல்லாம் ஆண்கள். சிலர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார்கள், இருட்டான பிறகுதான் முகம் காட்டினார்கள். கட்டில் காட்சி வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அது நன்றாகவே எடுக்கப்பட்டிருந்தது. விளக்கு வெளிச்சமும் முதுகும் விரல்களும்தான், அசிங்கம் எதுவும் இல்லை. ஆனால் போஸ்டரில் இருந்த அளவுக்குக்கூடப் படத்தில் இல்லையே என்று நம் ஆட்களுக்கு வயிற்றெரிச்சல். இனி அந்த மாதிரி காட்சி வராது என்று யாரோ தகவல் சொன்னதும் இடைவேளையோடு பாதித் திரையரங்கு எழுந்து போய்விட்டது. கள்ளக்குறிச்சியில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்குக் கொலை எப்படி நடந்தது என்று இன்று வரைக்கும் தெரியாது.

என் பிணம் திரையில் வந்தபோது பின்வரிசையிலிருந்து ஒருத்தன், மைக் செட்டு எழுந்திரு, கல்யாண ஆர்டர் வந்துகீது என்று குரல் கொடுத்தான். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன், சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் சொன்னான். அதற்குப் பிறகு டீக்கடையில் உட்கார முடியவில்லை. பொண்டாட்டியை இன்னொருத்தனுக்குக் கொடுத்துவிட்டுச் சோற்றைத் தின்னவன் என்று என்னைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். அவன் நான் இல்லை, நான் நடித்தவன் என்று சொன்னால் இன்னும் சிரித்தார்கள். போங்கடா, உங்களுக்கு ரசனை போதாது என்று டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை.

என் மனைவி மட்டும் படம் பார்க்க வரவில்லை. கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றாள். போஸ்டர் இருந்த தெருவில்கூட அவள் நடக்கவில்லை. கட்டில் காட்சிதான் காரணம் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அந்தக் கட்டில் பக்கமே நான் போகவில்லை, அது சென்னையில் அறை மாதிரி செட் போட்டு எடுத்தது என்று விளக்கினேன். அவள் மாவு அரைக்கப் போய்விட்டாள்.

திரையரங்கை விட்டுப் படம் போய், போனில் பார்க்கிற மாதிரி வந்த பிறகுதான் மலையிலிருந்து அந்த அழைப்பு வந்தது. வீடு கொடுத்தவர் பேசினார். அவர் மகளுக்கு அடுத்த மலைக்கிராமத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகி, தை பிறந்ததும் கல்யாணம் என்று எனக்குத் தெரியும். மைக் செட்டும் எனக்குத்தான் சொல்லியிருந்தார். அவர் குரல் நன்றாக இல்லை.

"மாப்ள வூட்ல அந்தப் படத்தப் பாத்துட்டாங்க, அண்ணே. கல்யாணத்த நிறுத்தி வெக்கச் சொல்றாங்க. நீங்க வந்துட்டுப் போனா தேவல."

எனக்கு உடனே புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டது என்று நினைத்தேன். வெளியே இவர் வீடு, உள்ளே அந்தக் கட்டில். பார்க்கிறவனுக்கு எல்லாம் இந்த வீட்டுக்குள் நடந்ததாகத்தானே தெரியும்? பெண்ணின் பேர் கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். என் பேச்சை நம்பி வீட்டைத் திறந்துவிட்ட மனிதர். அவர் பெண்ணின் கல்யாணம் என்னால் நின்றுபோனால் நான் அந்த மலையில் தலை காட்ட முடியாது. அதைவிட, அந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது? மறுநாள் காலையில் கிளம்பினேன். நானும் வருகிறேன் என்று மனைவி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் ஏற ஏற, சென்னை செட், கேமரா தந்திரம், நடிகை வேறு ஊர்க்காரி என்று நான் பேசப்போவதை எல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன்.

வீட்டு வாசலில் கல்யாணப் பெண் நின்றுகொண்டிருந்தாள். நர்சிங் படித்த பெண். மாப்பிள்ளைப் பையனை அவளுக்குப் பிடித்துப்போய்த்தான் இரண்டு வீட்டிலும் பேசியிருந்தார்கள். என் மனைவி உள்ளே போனதும் என்னிடம் மெதுவாக, வேறு யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னாள்.

"மாமா, நீங்க நல்லா நடிக்கலன்னு சொல்லிடுங்க. பொணம் மாதிரியே இல்ல, தூங்கற மாதிரிதான் இருந்திச்சின்னு சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. இவள் எதற்கு என் நடிப்பைக் குறை சொல்கிறாள் என்று விளங்காமல் உள்ளே போனேன். மாப்பிள்ளையின் அப்பா பாயில் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். மலைக்கிராமங்களுக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டுகிறவர், கறாரான ஆள். நான் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன். கட்டில் இந்த வீட்டில் இல்லை, அந்தப் பெண் இந்த மலையே இல்லை, எல்லாம் சென்னை என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றார். புருஷன் பெண்டாட்டி படுக்காத வீடு எங்கேயாவது இருக்கிறதா, அது சினிமா என்று எங்களுக்குத் தெரியாதா, அதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம் என்றார்.

"பின்ன இன்னாதாங்க குத்தம்?" என்றேன்.

"நீங்க செத்தது."

நான் உயிரோடு உங்கள் எதிரில் நிற்கிறேனே என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க நிக்கறீங்க, எனக்குத் தெரியுது. இந்த வூட்டுக்குத் தெரியுமா? தல தெக்கால. தலமாட்டுல வெளக்கு, படியில நெல்லு. கால் கட்டு, வாய்க் கட்டு, நெத்தியில காசு. பொம்பளைங்க மாரடிச்சிகினு அழுவறாங்க. ஒண்ணே ஒண்ணு தப்பா வெச்சிருந்தாகூட சினிமான்னு வுட்டுருப்பன். ஒண்ணும் தப்பு இல்லயே."

உண்மையை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை பத்திரிகையில் ஒருத்தன்கூடக் கவனிக்காததை இந்த ஜீப்காரர் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். அப்புறம்தான் சமையல்கட்டு வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது சொல்லப்போகிறீர்கள் என்பது மாதிரி. இப்போது எனக்கு விளங்கியது. சந்தோஷப்பட்ட முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சரி, சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். நான் பல்லைக் கடித்துக்கொண்டு படித்த அந்த ஆங்கில விமர்சனத்தைத் தேடி எடுத்து, தமிழில் மாற்றி, சபையில் சத்தமாகப் படித்தேன். பிணம் மூச்சு விடுகிறது என்று பேப்பரிலேயே போட்டிருக்கிறான், படித்தவன் எழுதியது, நான் சரியாகச் சாகவே இல்லை, ஆகவே இது சாவு ஆகாது என்றேன். என் வாயால் நானே சொல்ல வேண்டியதாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா அவசரப்படவில்லை. தன் போனில் படத்தைப் போட்டு, அந்தக் காட்சியைக் கண்டுபிடித்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். திரும்ப ஓட்டிப் பார்த்தார். வீடு கொடுத்தவரிடம் கொடுத்தார், அவரும் பார்த்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தோம்.

"மூச்சு இல்லீங்க. ஜன்னல் காத்து துணிய ஆட்டுது" என்றார்.

அந்த வார்த்தைக்காக நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன். யாராவது ஒருத்தர் சொல்லமாட்டார்களா என்று ஏங்கினேன். அதைச் சொல்ல வேண்டிய நேரமா இது? பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் அதுவரை வாயைத் திறக்காத என் மனைவி பேசினாள். அது சாவுதான், அவர் சொல்வது சரி என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். நீ படமே பார்க்கவில்லையே என்றேன்.

"எப்பிடிப் பாப்பன்? புருசன் பொணமா கெடக்கறத டிக்கெட் எடுத்துகினு போய்ப் பாக்கறவ எங்கனா இருப்பாளா? நீங்க இன்னாடான்னா அத போஸ்டர்ல பாருன்றீங்க."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் கட்டிலைப் பற்றி நான் அவளுக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாப்பிள்ளையின் அப்பா தன் பக்கத்தைப் பொறுமையாகச் சொன்னார். செத்தவர் இந்த வீட்டுப் பங்காளி இல்லை, அதனால் வருஷம் திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சாவு விழுந்து, ஒப்பாரி வைத்து, அதோடு அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கருமாதி நடக்கவில்லை. காரியம் முடியாத வீடு தீட்டு வீடு, அங்கே போய்ப் பெண் எடுக்க அவர்கள் ஊரில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் கருமாதி நடக்கட்டும், அப்புறம் கல்யாணத்தைப் பற்றிப் பேசலாம் என்றார். பேசலாம் என்றுதான் சொன்னார், நடக்கும் என்று சொல்லவில்லை.

யாருக்குக் கருமாதி என்று கேட்டேன். உங்களுக்குத்தான் என்றார். என் மனைவி எழுந்து நின்றுவிட்டாள்.

"இவுரு பேர்ல ஒரு பருக்க சோறு வெக்கக் கூடாது. செத்தது அந்த வியாபாரி. பேரு ஊரு எல்லாம் படத்துலயே சொல்லிகிறாங்க. அவுரு பேர்ல பண்ணுங்க."

அவர் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது போல. ஆனால் காரியம் செய்ய உரிமைப்பட்ட ஆள் வேண்டுமே, அந்த ஆளுக்குப் பிள்ளை குட்டி உண்டா, அண்ணன் தம்பி உண்டா என்றார். படத்தில் அவனுக்கு யாரும் கிடையாது. மனைவி ஜெயிலுக்குப் போய்விடுகிறாள். கதையில் அவனுக்காக ஒரு ஆளும் உண்மையாக அழவில்லை, வடக்கனந்தல் பெண்களைத் தவிர. நான் செய்கிறேன் என்றேன். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

ஊருக்குத் திரும்பி இயக்குநருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். பெரிய மனுஷனாக ஒரு வார்த்தை வருத்தம் சொல்வார் என்று நினைத்தேன். அவர் குதித்தார். கேமராவோடு இரண்டு பேரை அனுப்புகிறேன், கருமாதியை வீடியோ எடுத்துப் போட்டால் படம் மறுபடி பிய்த்துக்கொண்டு போகும் என்றார். தம்பி, அங்கே ஒரு பெண்ணின் கல்யாணம் தொங்கிக்கொண்டிருக்கிறது, உன் ஆள் யாராவது கேமராவோடு மலை ஏறினால் காலை உடைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

கருமாதி அன்று காலையில் ஊருக்குக் கீழே ஓடைக்கரையில் உட்காரவைத்து என் மீசையை எடுத்தார்கள். கத்தி பட்டபோது கொஞ்சம் வலித்தது, உதட்டுக்கு மேல் இல்லை, வேறு எங்கேயோ. என் மனைவி தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, மீசை இல்லாமலும் பரவாயில்லை என்றாள். ஓடையில் முழுகி ஈரத் துணியோடு வீட்டுக்கு வந்தேன். படையல் போடுவதற்கு முன் அவருக்கு என்ன பிடிக்கும் என்று பெண்ணின் அம்மா கேட்டார். நான் விழித்தேன். படத்தில் அவன் என்ன சாப்பிட்டான் என்று மட்டும்தானே எனக்குத் தெரியும். சாமைச் சோறு என்றேன். கூடியிருந்த பெண்களில் பலர் படத்தை முழுதாகப் பார்க்கவில்லை. எப்படிச் செத்தார் என்று கேட்டார்கள். நான் சொன்னேன். மனைவி கையால் போட்ட சோறு, அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே சாப்பிட்டான் என்றேன்.

"தெரிஞ்சிகினேவா?" என்று பெண்ணின் அம்மா கேட்டார்.

ஆமாம் என்றேன். அந்த அம்மா நம்பமாட்டேன் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இலையையே பார்த்தார். அப்புறம் சோற்றை இன்னும் ஒரு கரண்டி அள்ளி வைத்து, நெய்யும் ஊற்றினார்.

சொன்ன முறைப்படி பிண்டம் வைத்தேன். எள்ளும் தண்ணீரும் விட்டேன். அவன் பெயரைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன், குரல் உடைந்துவிட்டது. சும்மா இல்லை, நன்றாகவே அழுதேன். கள்ளக்குறிச்சி முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்த ஆள். விமர்சனம் எழுதினவர்களில் ஒருத்தருக்கும் அவன் வேண்டியவனாக இல்லை. நானே இத்தனை நாள் நான் எப்படி நடித்தேன் என்று பார்த்தேனே தவிர அவன் என்ன பாடுபட்டான் என்று நினைத்துப் பார்த்தேனா? இப்போது அவனுக்காக ஒரு ஊரே நெஞ்சில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தது. யார் என்ன நினைத்தாலும் சரி என்று விட்டு அழுதேன், மனசு லேசாகிவிட்டது.

கடைசியாக ஒரு முறை பாக்கி இருந்தது. காரியம் செய்தவன் தலையில் புதுத்துணியால் உருமா கட்ட வேண்டும். அதைக் கட்ட வேண்டியவர்கள் சாவு விழுந்த வீட்டுக்குச் சம்பந்தி முறை உள்ளவர்கள். காரியம் நடத்திவைத்த ஊர்க்காரர், சம்பந்தி வீட்டார் யார், முன்னால் வாங்க என்று கூப்பிட்டார். பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. இந்த வீட்டுக்குச் சம்பந்தி ஆகவேண்டியவர் ஒருவர்தான், அவரும் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. வீடு கொடுத்தவர் தரையைப் பார்த்தார். பெண் உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஈரத்தலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். துணி இல்லாவிட்டால் பரவாயில்லை, என் துண்டையே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லக்கூட வாயெடுத்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். எங்கேயோ கிளம்புகிறார் என்றுதான் நினைத்தேன். வாசலில் நின்ற ஜீப்புக்குப் போய் ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் மடிப்புக் கலையாத புது வேட்டியும் துண்டும் இருந்தன. முன்னாலேயே வாங்கி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். என் எதிரில் வந்து நின்று, துண்டைப் பிரித்து, என் தலையில் சுற்றிச் சுற்றி இறுக்கமாகக் கட்டினார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்பதற்கு எதுவும் பாக்கி இல்லை. வீடு கொடுத்தவர் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கதவோரத்திலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. அந்தப் பெண்தான், முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளையின் அப்பா திரும்பிப் பார்த்தார்.

"அழாதம்மா" என்றார். "கல்யாண வூட்ல அழக்கூடாது."